செம்பனை விலையை ஆட்டுவிப்பவர் யார்?

நம் கோலசிலாங்கூர் வட்டாரத்திற்கு ஒரு பெருமை உண்டு. மலாயாவில் வாணிப நோக்கோடு செம்பனை முதன்முதலாக நடப்பட்டது இங்கேதான். 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுத் துரை, பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அதை நட்டார். தோட்டத்தின் பெயரோ தென்னமரம்! பெயர் ஒன்று, மரம் வேறொன்று.

அந்த மரத்தின் குலையை வெட்டும் நம்மவர் சம்பளத்தோடு எண்ணெய் விலையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொழிற்சங்க ஒப்பந்தத்தில் விலை போனஸ் என்று ஒன்று இருப்பதைப் பெற்றோர்கள் அறிவார்கள். ஆகவே அந்த விலை எங்கே பிறக்கிறது என்பதை மாணவர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

ரப்பர் காலத்திலேயே நம் முன்னோர் இதைப் பட்டறிந்தனர். 1910இல் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. பால்மரத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட தோட்டக் கம்பெனிப் பங்குகளை வாங்கிக் குவித்தார்கள். அந்த விலை நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் சரிந்துபோனது. பிறகு 1930களின் உலக மந்தத்தில் நாட்கூலி வெட்டப்பட்டது. பல்லாயிரம் பேர் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

1980இல் கோலாலம்பூர் மூலப்பொருள் சந்தை தொடங்கியது. அங்கே செம்பனை எண்ணெயில் முன்பேரம் நடந்தது. அதாவது சில மாதம் கழித்துத் தரப்போகும் 25 டன் எண்ணெய்க்கு இன்றைக்கே விலை பேசி முடித்துவிடுவது. பிற்பாடு விலை விழுந்தாலும் தோட்டக்காரருக்குப் பேசிய விலை கிடைக்கும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் கையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல், எண்ணெய் தேவையும் இல்லாமல், ஏற்ற இறக்கத்தில் காசு பார்க்கவே வருபவரும் உண்டு. இவரே ஊக வணிகர். முழுப் பணம் கட்ட வேண்டியதில்லை, சிறிய முன்பணம் போதும். நியாயமாகச் சொன்னால் இவர் இல்லாமலும் சந்தை நடக்காது; தோட்டக்காரர் விற்க வரும்போது வாங்க ஆள் வேண்டுமே!

1984இல் விலை கிடுகிடுவென்று ஏறியது. பெரிய பேரங்களில் மாட்டிக்கொண்ட சில தரகு நிறுவனங்கள் கையை விரித்துவிட்டன. கொடுக்கல் வாங்கலுக்கு உத்தரவாதமாக நிற்க வேண்டிய தீர்வகமே தள்ளாடியது. 1985இல்தான் புதிய மூலப்பொருள் வாணிபச் சட்டம் வந்து கண்காணிப்பை இறுக்கியது. வீடு பற்றிக்கொண்ட பிறகு கிணறு வெட்டிய கதைதான். என்றாலும் வெட்டினார்களே! 1986இல் விலை டன்னுக்கு 600 வெள்ளிக்கும் கீழே போனது. சட்டம் சூதாட்டத்தைத் தடுக்கலாம். விலை வீழ்ச்சியைத் தடுக்காது.

கட்டுப்பாடு என்பது என்ன? ஒருவர் வைத்திருக்கும் பேரத்திற்கு ஓர் உச்ச வரம்பு. நஷ்டத்தை அன்றன்றே கணக்குப் பார்த்து முன்பணத்தை நிரப்புவது. ஒரே நாளில் விலை ஏறவும் இறங்கவும் ஓர் எல்லை. இன்று அந்தச் சந்தை புர்சா மலேசியாவின் கீழும், அதன் மேற்பார்வை பங்குப்பத்திர ஆணையத்திடமும் உள்ளன.

2006இல் அரசாங்கம் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையை அறிவித்தது. செம்பனை எண்ணெய் சட்டிக்கு மட்டுமல்ல, டீசல் எஞ்சினுக்கும் போகத் தொடங்கியது. அதோடு பெட்ரோலியச் சந்தையின் ஆட்டமும் நம் தோட்டத்துக்குள் நுழைந்தது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டு, டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. அதே ஆண்டில் செம்பனை எண்ணெயும் 4,000 வெள்ளியைத் தாண்டிவிட்டு 1,500க்கும் கீழே இறங்கியது. ஊக வணிகத்துக்கு வரம்பு கட்ட அமெரிக்கா 2010இல் சட்டம் இயற்றியது. பெட்ரோலியத்துக்கும் சேர்த்து அந்த வரம்பு விதிகள் முடிவானது 2020இல்தான். பத்து வருஷம்!

2022 மார்ச்சில் செம்பனை எண்ணெய் 7,000 வெள்ளியைக் கடந்தது. செப்டம்பருக்குள் அதில் பாதிகூட இல்லை. விலை உச்சியில் இருந்த அந்த மாதங்களில், வெட்ட ஆளில்லாமல் நாட்டின் பல தோட்டங்களில் பழம் மரத்திலேயே அழுகிக்கொண்டிருந்தது.