ஒரு வரியின் இலக்கணம்

1986–87இல் பம்பாயின் ஜுஹுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்துக்கும் பவாயில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கும் இடையே தொலைபேசி வழியே மின்னஞ்சல் செல்லத் தொடங்கியது. அம்மையத்தை வழிநடத்தியவர் சீனிவாசன் ரமணி. எர்னெட் வலையமைப்பின் தொடக்கக்கால அஞ்சல், யூயூசிபி என்னும் சி மொழி நிரல்தொகுதியைச் சார்ந்திருந்தது.

மறுமுனைக் கணினிகளை அந்நிரலுக்கு அறிவித்தது ஓர் உரைக்கோப்பு. பெயர், அழைக்கத்தக்க நேரம், கருவி, வேகம், தொலைபேசி எண், நுழைவு உரையாடல் ஆகியன ஒரே வரியில் இடைவெளியால் பிரிந்து நிற்கும். எது எதனைக் குறிக்கும் என்பதை இடமே தீர்மானிக்கும். வேற்றுமை உருபேற்ற தமிழ்ச்சொல் இடம் மாறினும் பொருள் பெரிதும் மாறுவதில்லை. இங்கோ இடம் மாறினால் வேகமே தொலைபேசி எண்ணாகிவிடும்.

1983இல் பெல் ஆய்வகத்தில் திருத்தி எழுதப்பட்ட பதிப்பில் யூயூசெக் என்னும் சரிபார்ப்பு நிரல் இடம்பெற்றது. தேவையான கோப்புகள் உள்ளனவா என்று அது நோக்கும்; அனுமதிக் கோப்பு எவ்வாறு பொருள்கொள்ளப்படும் என்பதையும் விரித்துரைக்கும். ஆயினும் வடிவம் பிழையாத தவறான எண்ணை அது அறியாது. அழைப்பு வேறொரு வீட்டில் ஒலித்த பின்னரே அப்பிழை வெளிப்படும். இலக்கணத்துக்கும் உண்மைக்கும் இடையிலான அவ்விடைவெளியை மனித உழைப்பே நிரப்பியது. அவ்வுழைப்பின் தடயம் அமைவுக் கோப்புகளில்தான் எஞ்சும்; இணைய வரலாற்றாசிரியர்கள் அவற்றையும் ஆவணங்களாகப் பேணுதல் வேண்டும்.