இராஜகோபால், கிருஷ்ணசாமி

மலேசிய உதைபந்தாட்ட வீரர், பயிற்றுநர். 1956 ஜூலை 10ஆம் திகதி கோலாலம்பூரின் வடபுறத்திலுள்ள செத்தாப்பாக்கில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். 2009 முதல் 2013 வரை மலேசியத் தேசிய அணியின் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். அவருடைய பொறுப்பில் மலேசிய இளைஞர் அணி 2009இல் தென்கிழக்காசிய விளையாட்டு விழாவில் தங்கம் வென்றது. மறு ஆண்டு தேசிய அணி, அக்காலத்தில் சுசுக்கி கிண்ணம் என்று வழங்கிய தென்கிழக்காசியக் கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. செய்தித்தாள்களில் கே. ராஜகோபால் என்ற சுருக்கப் பெயரே வழக்கம். பின்னாளில் ‘டத்தோ’ பட்டம் பெற்றார்.

மலாயாவுக்குத் தமிழர் போன வழிகள் இரண்டு. தமிழ்நாட்டிலிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்கும் இரயில் பாதை போடவும் போன தொழிலாளர் ஒரு வழி. யாழ்ப்பாணத்திலிருந்தும் அதன் தீவுகளிலிருந்தும் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் போனோர் மற்றது. அங்கே வேலைபார்த்து ஓய்வுபெற்றோருக்கு ‘மலாயன் பென்சன்’ வந்த வீடுகளை யாழ்ப்பாணம் நன்றாக அறியும். இரு சாராருக்கும் பொதுவாக அங்கே வாய்த்தது உதைபந்தாட்டம். தோட்டத்து லயங்களுக்கு அருகே ஒரு திடல், அரச திணைக்களத்துக்கு ஓர் அணி என்று அது வளர்ந்தது. 1970களில் மலேசிய அணியின் கோல் கம்பங்களுக்கிடையே நின்ற ஆர். ஆறுமுகமும், பின்களத்தில் நின்ற எம். சந்திரனும் அந்த மரபில் வந்தவர்கள். படகேறி ஊர்காவற்றுறைக்குப் போய் விளையாடிவிட்டு இருட்டுமுன் திரும்பவேண்டிய, யாழ்ப்பாணத்துத் தீவுகளான அனலைதீவு, எழுவைதீவு இளைஞருக்கு, சிறிய திடலிலிருந்து பெரிய மைதானத்துக்குப் போன இத்தகைய ஆட்டக்காரரின் கதை அந்நியமானதல்ல.

ஆட்டக்காரராக இராஜகோபால் செலாங்கூர் மாநில அணிக்கும் மலேசியத் தேசிய அணிக்கும் முன்களத்தில் ஆடினார். அவர் பெயர் நிலைத்தது பயிற்றுநராகத்தான். மாநில அணிகளிலும் வயதுப் பிரிவு அணிகளிலும் பல ஆண்டுகள் உழைத்த பின்னரே தேசிய அணி அவர் கைக்கு வந்தது.

அவர் ஏற்றபோது மலேசிய உதைபந்தாட்டம் நொந்துபோய்க் கிடந்தது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய நாடு அது. 1974இல் ஆசிய விளையாட்டு விழாவில் வெண்கலம் வென்றது. 1980இல் தென் கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, அரசியல் புறக்கணிப்பால் போகாமல் நின்றது. 1990களின் நடுப்பகுதியில் ஆட்ட நிர்ணய ஊழல் வெளிவந்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர் விசாரிக்கப்பட்டனர். அந்த அடியிலிருந்து லீக் எளிதில் எழவில்லை. 2007இல் ஆசியக் கிண்ணத்தை இணைந்து நடத்திய மலேசியா சொந்த மண்ணில் சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 எனத் தோற்றது. அதன்பின் பொறுப்பேற்றவர் பி. சத்தியநாதன். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் 0-5 என்று தோற்றதோடு அவருடைய காலம் முடிந்தது. அவரை அடுத்து அந்த ஆண்டிலேயே இராஜகோபால் வந்தார்.

முதல் பெரிய சோதனை 2009 டிசெம்பரில் லாவோஸ் தலைநகர் வியந்தியானில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டு விழா. இருபத்துமூன்று வயதுக்குட்பட்டோர் ஆடும் இந்தச் சுற்றுப்போட்டியில் மலேசியா கடைசியாகத் தங்கம் வென்றது 1989இல். 1993 முதல் தொடர்ந்து எட்டு முறை தாய்லாந்துதான் வென்றிருந்தது. குழுநிலை ஆட்டத்தில் மலேசியா வியட்நாமிடம் 1-3 என்று தோற்றது. பிறகு தாய்லாந்தை 2-1 என்று வென்று, தொடர்ந்து எட்டு முறை வென்ற அந்தச் சம்பியனைக் குழுநிலையிலேயே வீட்டுக்கு அனுப்பியது. அரையிறுதியில் லாவோஸைக் கடந்து டிசெம்பர் 17ஆம் திகதி இறுதியாட்டத்துக்கு வந்தபோது எதிரே நின்றது மறுபடியும் வியட்நாம். ஆட்டம் முடிய ஐந்து நிமிடங்களே இருக்கையில் வியட்நாம் பின்கள வீரர் மை சுவான் ஹொப் மீது பட்ட பந்து அவர்களுடைய சொந்த வலைக்குள்ளேயே புகுந்தது. 1-0. இருபது ஆண்டுக் காத்திருப்பு அப்படித் தீர்ந்தது. அதிர்ஷ்டக் கோல் என்று கூறுவோர் உண்டு, மறுக்கவும் முடியாது. ஆனால் சில நாட்களுக்கு முன் மூன்று கோல் வாங்கிய அதே அணியிடம் எண்பத்தைந்து நிமிடங்கள் ஒரு கோலும் வாங்காமல் நின்றது அதிர்ஷ்டத்தால் மட்டும் ஆகாது.

வியட்நாம் அணியின் பயிற்றுநர் போர்த்துக்கல் நாட்டின் ஹென்றிக் கலிஸ்தோ. மத்தோசினியோஸ் நகரில் பிறந்து, தன் நாட்டில் ஆட்டக்காரராக இருந்து பயிற்றுநராக மாறியவர். 2001இல் வியட்நாமின் லொங் ஆன் கழகத்துக்கு வந்து, 2005இலும் 2006இலும் அதை லீக் சம்பியனாக்கினார். 2008இல் வியட்நாமுக்கு அதன் முதலாவது தென்கிழக்காசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தவரும் அவரே. அக்காலத்தில் இவ்வட்டாரத்தின் தேசிய அணிகள் பெரும்பாலும் ஐரோப்பியப் பயிற்றுநர்களை நம்பியிருந்தன. இந்தோனேசியாவில் ஆஸ்திரியரான அல்பிரட் றீடில், சிங்கப்பூரில் சேர்பியரான றடோய்கோ அவ்ராமோவிச். அவர்களுக்கிடையே உள்ளூர்க்காரராக நின்றவர் இராஜகோபால். கலிஸ்தோவின் அணியை அவர் இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை வீழ்த்தினார்.

2010 நவெம்பரில் குவாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் மலேசிய இளைஞர் அணி முதற்சுற்றைத் தாண்டி ஈரானிடம் தோற்று வெளியேறியது. சில நாட்களில் தென்கிழக்காசியக் கிண்ணம் தொடங்கியது.

டிசெம்பர் 1ஆம் திகதி ஜகார்த்தாவின் கெலோரா புங் கார்னோ மைதானத்தில் நடந்த முதலாட்டம் பேரிடியாக விழுந்தது. முதல் கோலை அடித்தது மலேசியாவின் நோர்ஷாருல் இட்லான். அதன்பின் இந்தோனேசியா ஐந்து கோல்கள் போட்டது, 1-5. இர்பான் பக்டிம், கிறிஸ்தியான் கொன்சாலஸ் போன்ற புதுமுகங்களோடு அந்த அணி அன்று இவ்வட்டாரத்தில் வெல்லமுடியாததாகத் தோன்றியது. இப்படியொரு தோல்விக்குப் பிறகு அணியைக் கலைத்துப்போடுவதுதான் பயிற்றுநர்களின் வழக்கம். இராஜகோபால் தன் இளைஞரோடு நின்றார். டிசெம்பர் 4ஆம் திகதி தாய்லாந்தோடு 0-0, பின் பலெம்பாங்கில் லாவோஸை 5-1. தாய்லாந்து இந்தோனேசியாவிடம் தோற்றதால் மலேசியா இரண்டாம் இடத்தில் அரையிறுதிக்குத் தப்பி வந்தது.

அரையிறுதியில் நடப்புச் சம்பியன் வியட்நாம். மறுபக்கப் பெஞ்சில் மீண்டும் கலிஸ்தோ. டிசெம்பர் 15ஆம் திகதி புக்கிட் ஜாலில் மைதானத்தில் சபீ சாலி இரண்டு கோல்கள் அடிக்க மலேசியா 2-0 என்று வென்றது. மூன்று நாள் கழித்து ஹனோயில் வியட்நாம் முட்டி மோதியும் ஒரு கோலும் கிடைக்கவில்லை. முதலாட்டத்தில் ஐந்து கோல் வாங்கிய பின்களம் அதன்பின் ஆடிய நான்கு ஆட்டங்களில் ஒரேயொரு கோலே விட்டிருந்தது. இந்தச் சுற்றுப்போட்டியைப் பற்றி எழுதுவோர் சபீயின் கோல்களையே பேசுவர். பின்களத்தில் வந்த இந்த மாற்றமே பயிற்றுநரின் கையெழுத்து.

இறுதியாட்டத்தின் முதற்கட்டம் டிசெம்பர் 26ஆம் திகதி புக்கிட் ஜாலிலில் நடந்தது. மைதானம் நிரம்பி வழிந்தது. முதற்பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களில், பார்வையாளர் பகுதியிலிருந்து லேசர் ஒளிக்கற்றைகள் தம் கண்ணில் படுவதாக முறையிட்டு இந்தோனேசிய வீரர்கள் மைதானத்தை விட்டு வெளியேறினர். ஆட்டம் சிறிது நேரம் நின்றது. திரும்பவும் தொடங்கியபின் 61ஆம் நிமிடத்தில் சபீ சாலி, 68ஆம் நிமிடத்தில் அஷாரி சம்சுதீன், 73ஆம் நிமிடத்தில் மீண்டும் சபீ. பன்னிரண்டு நிமிடங்களுக்குள் மூன்று கோல்கள். இருபத்தைந்து நாட்களுக்கு முன் 1-5 என்று தோற்ற அணி அதே எதிரியை 3-0 என்று வென்றிருந்தது. குழுநிலையில் தோற்ற அணியிடம் இறுதியாட்டத்தில் வென்றது வியந்தியானிலும் நடந்ததே. இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை இவ்வாறு வருவது இவ்வட்டார உதைபந்தாட்டத்தில் அரிது.

மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் இரண்டாம் கட்டம். 18ஆம் நிமிடத்தில் இந்தோனேசியாவுக்குத் தண்ட உதை கிடைத்தது. அணித்தலைவர் பிர்மான் உத்தினா உதைத்த பந்தை, கிளந்தானைச் சேர்ந்த இருபத்தொரு வயதுக் கோல்காப்பாளர் கைருல் பாமி சே மாட் தடுத்துப் பிடித்தார். அந்தப் பந்து உள்ளே போயிருந்தால், நிரம்பிய மைதானத்தின் முன் 3-1 என்ற நிலையோடு எழுபது நிமிடங்கள் ஆடவேண்டியிருந்திருக்கும். 54ஆம் நிமிடத்தில் சபீ கோல் போட, கிண்ணம் உறுதியாயிற்று. இந்தோனேசியா பின்னர் அடித்த இரண்டு கோல்கள் ஆட்டத்தை வென்று தந்தன, கிண்ணத்தை அல்ல. மொத்தக் கணக்கு 4-2. சுற்றுப்போட்டியில் அதிக கோல் அடித்தவர் சபீ சாலி. குழுநிலையில் ஒரு கோலும் இல்லாத அவர், ஐந்தையும் அரையிறுதியிலும் இறுதியிலுமே அடித்தார். இவ்வெற்றியின் மகிழ்ச்சியில் பிரதமர் நஜீப் றசாக் டிசெம்பர் 31ஐப் பொது விடுமுறையாக அறிவித்தார். அணியில் இருந்த தமிழர்களில் பக்கவாட்டில் வேகமாக ஓடும் எஸ். குணாளன் குறிப்பிடத்தக்கவர்.

இவ்வெற்றி குறித்து முடிவாகாத விடயங்கள் சில உள்ளன. லேசர் ஒளி இந்தோனேசியரின் ஆட்டத்தைக் குலைத்ததா என்பதில் இரு நாட்டு ஆதரவாளர்களும் இன்றும் உடன்படுவதில்லை. முதற்கட்ட ஆட்டம் நிர்ணயிக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு இந்தோனேசியாவில் எழுந்து, 2018இல் தொலைக்காட்சியிலும் பேசப்பட்டது. அன்று ஆடிய இந்தோனேசிய வீரர்கள் அதை மறுத்தனர். மூன்றாவது, வெற்றியின் பெருமை யாருக்கு என்பது. 2007இல் மலேசிய உதைபந்தாட்டச் சங்கம் ‘ஹரிமாவ் மூடா’ என்ற இளைஞர் அணியைத் தொடங்கியிருந்தது. 2009 முதல் 2011 வரை உள்ளூர் லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரருக்குத் தடை இருந்ததால் சபீ, நோர்ஷாருல் போன்ற முன்கள வீரருக்கு வாரந்தோறும் ஆட இடம் கிடைத்தது. இவற்றையே காரணமாகக் கொள்வோரும் உளர். இந்த ஏற்பாடுகளின் பங்கு பெரிதே. ஆனாலும் 1-5க்குப் பின் அணியைச் சிதறவிடாமல் நிறுத்தியது எந்தச் சங்கத் தீர்மானத்திலும் எழுதப்பட்டதல்ல.

2011ஆம் ஆண்டு, வெற்றியின் அலையோடு தொடங்கி விரைவில் கசந்தது. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சீன தைப்பேயைச் சொந்த மண்ணில் 2-1 என்று வென்று, அதன் மண்ணில் 2-3 என்று தோற்று, எதிரணி மண்ணில் அடித்த கோல்களின் பலத்தால் மலேசியா மேலே சென்றது. அடுத்துச் சிங்கப்பூர். இடைப்பட்ட ஜூலை மாதத்தில் அதே மலேசிய ஆட்டக்காரர்கள் கோலாலம்பூரில் ஆர்சனல் (0-4), லிவர்பூல் (3-6), செல்சி (0-1) ஆகிய ஆங்கிலக் கழகங்களோடு கண்காட்சி ஆட்டங்கள் ஆடினர். செல்சியோடு ஆடி இரண்டு நாளில் சிங்கப்பூரில் இறங்கிய அணி 3-5 என்று தோற்றது. திரும்பிவந்து 1-1 என்று சமன் செய்தும் பயனில்லை. களைப்புத்தான் காரணமா என்று அறுதியிட முடியாது. அந்த அட்டவணை எந்த அணிக்கும் நன்மை தரக்கூடியதல்ல. இதே ஆண்டு நவெம்பரில் ஜகார்த்தாவில் இளைஞர் அணி மீண்டும் தங்கம் வென்றபோது அதன் பயிற்றுநர் ஒங் கிம் சுவீ.

2012 தென்கிழக்காசியக் கிண்ணத்தில் சொந்த மைதானத்தில் முதலாட்டத்திலேயே சிங்கப்பூரிடம் 0-3 என்று தோற்று, லாவோஸையும் இந்தோனேசியாவையும் வென்று அரையிறுதிக்கு வந்தது மலேசியா. அங்கே தாய்லாந்திடம் மொத்தம் 1-3 என்று தோற்றது. 2013உடன் இராஜகோபாலின் பதவிக்காலம் முடிந்தது. பின்னர் தொல்லா சாலே பொறுப்பேற்றார்.

அதன்பின் இராஜகோபால் சரவாக் உள்ளிட்ட அணிகளோடு பணிபுரிந்தார். தேசிய அணி 2014இல் தாய்லாந்திடமும் 2018இல் வியட்நாமிடமும் இறுதியாட்டங்களில் தோற்றது. 2024 வரை நடந்த சுற்றுப்போட்டிகளில் மலேசியா வேறெப்போதும் இந்தக் கிண்ணத்தை வென்றதில்லை.