ஜாங்கிரி என்று பேர் வைத்த மென்பொருள்

சம்சம், குலாப் ஜாமூன், ஜிலேபி, ஜாங்கிரி. ஸ்வீட் கடைப் பட்டியல் இல்லை நண்பர்களே. மூஸ் என்கிற மென்பொருளின் வெவ்வேறு வெளியீடுகளுக்கு வைத்த பேர்கள்! நம்ம பெங்களூரில் உருவானது. மூளையின் நரம்பணுக்களைக் கணினிக்குள் நடத்திக் காட்டுவது அதன் வேலை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

பி.காம். படித்துவிட்டு அத்திபெலேயில் உட்கார்ந்து வட்டிக் கணக்குப் பார்க்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்தக் கதையில் முக்கால்வாசி லெட்ஜர் மாற்றின கதைதான் :-)

முதலில் பழைய சங்கதி. 1952-ல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் கணவாயின் தடித்த நரம்பை ஆராய்ந்து, நரம்பில் மின்துடிப்பு எப்படி உண்டாகிறது என்பதற்குச் சமன்பாடுகள் கொடுத்தார்கள். கேம்பிரிட்ஜின் கணினி அந்த நேரம் கிடைக்கவில்லை. கைப்பிடி சுற்றும் பிரன்ஸ்விகா கணக்கு இயந்திரத்தை வைத்தே ஹக்ஸ்லி கணக்கைப் போட்டு முடித்தார். 1963-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஒரே நரம்புக்கு இவ்வளவு பாடு. ஆயிரக்கணக்கான நரம்பணுக்கள் என்றால்?

அங்கேதான் கணினி வந்தது, கூடவே ஒரு தலைவலியும் வந்தது. ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு நிரல் எழுதினால், அவர் பட்டம் வாங்கிப் போனதும் அது வேறு யாருக்கும் புரியாது. 1980களின் கடைசியில் அமெரிக்காவின் கால்டெக்கில், ஜேம்ஸ் பௌவரின் ஆய்வகத்தில் இதற்கு வழி தேடினார்கள். மேத்யூ வில்சன், உபிந்தர் பல்லா முதலானவர்கள் சேர்ந்து எழுதிய ஜெனிசிஸ் பற்றிய கட்டுரை 1989-ல் வந்தது.

ஜெனிசிஸின் உள்ளமைப்பு எளிமையானது. நரம்பணுவைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரி. அறைச் சுவரில் அயனி வாய்க்கால்களை வை. ஒவ்வொன்றும் தனி உறுப்பு, தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளும். அடுத்த உறுப்பின் கணக்கில் கை வைக்காது, செய்தி மட்டும் அனுப்பும். சேமிப்பு லெட்ஜர்காரர் கடன் லெட்ஜரில் போய் எழுதுவாரா? வவுச்சர்தானே அனுப்புவார்!

பல்லா 1996-ல் பெங்களூர் ஜி.கே.வி.கே. வளாகத்துப் பக்கம், தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சேர்ந்தார். 1999-ல் ரவி ஐயங்காருடன் அவர் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, செல்லுக்குள் நடக்கும் வேதிச் செய்திப் பாதைகளைப் பற்றியது. அந்த வேதியியலுக்கும் ஜெனிசிஸ் மேலேயே கைனெட்டிகிட் என்றொரு பகுதி ஏறியது. மின்சாரத்துக்காகக் கட்டின வீட்டில் வேதியியல் குடியேற முடிந்தது என்றால், உறுப்பு உறுப்பாகப் பிரித்து வைத்ததுதான் காரணம்.

ஆனால் இரண்டுக்கும் வேகம் வேறு. மின்துடிப்பு மில்லிசெகண்டில் முடியும், வேதிமாற்றம் நிமிடக்கணக்கில் நடக்கும். இரண்டையும் சரியாகச் சேர்த்து ஓட்ட அடித்தளத்தையே புதிதாகப் போட வேண்டியிருந்தது. அப்படி சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதியதுதான் மூஸ். வெவ்வேறு உறுப்புகளுக்கு வெவ்வேறு கடிகாரம். மின்கணக்குக்கு 50 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவை, வேதிக்கணக்குக்கு 0.1 செகண்டுக்கு ஒரு தடவை என்று வைக்கலாம். கேஷ் தினமும் டேலி, வட்டி காலாண்டுக்கு ஒருமுறை என்கிற மாதிரி.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொரு விஷயம். நரம்பணுவின் வர்ணனை தனி, அதைக் கணக்கிடும் முறை தனி. மைக்கேல் ஹைன்ஸ் 1984-ல் சொன்ன வேகமான முறையில் உள்ளே கணக்கு ஓடும். வெளியே பார்ப்பவருக்கு அதே அறை, அதே வாய்க்கால்தான் தெரியும். கை லெட்ஜர் போய்க் கோர் பேங்கிங் வந்தபோதும் வாடிக்கையாளருக்குப் பாஸ்புக்கில் அதே இருப்புதானே தெரிந்தது?

அப்புறம் 'மைக்ரேஷன்'! வங்கியில் இருந்தவர்களுக்கு இந்த வார்த்தை கேட்டாலே வயிற்றைக் கலக்கும். பழைய கணக்கு ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. மூஸிலும் அதே கவலைதான். ஆரம்பத்தில் ஜெனிசிஸின் பழைய நிரல்களையே அதில் ஓட்ட முடிந்தது. 2008-ல் சுபாஷிஸ் ராயும் பல்லாவும் பைத்தான் மொழி இணைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். பிறகு பைத்தானே முன்வாசல் ஆனது. அதன் பின்னும் கைனெட்டிகிட்டில் எழுதி வைத்த பழைய வேதி மாதிரிகளை மூஸ் திறந்து படிக்கிறது.

இது ஏன் பெரிய விஷயம்? ஆராய்ச்சியில் பேரும் பரிசும் கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும். கருவியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பவரை யாரும் கேட்பதில்லை. மாணவர்கள் வருவார்கள், போவார்கள், திட்டப்பணம் தீரும். பத்து வருஷத்துக்கு முந்தைய மாதிரி இன்று ஓடவில்லை என்றால், அதை வைத்துச் சொன்ன முடிவு சரியா தப்பா என்று யார் பார்ப்பது? வவுச்சர் தொலைந்த பதிவுக்கு ஆடிட்டர் என்ன மரியாதை கொடுப்பார் என்று நமக்குத் தெரியும்.

எழுதினவர் போன பிறகும் அடுத்து வருகிறவர் பிரித்துப் பார்த்து நடத்த முடியவேண்டும். நல்ல லெட்ஜருக்கும் நல்ல மென்பொருளுக்கும் இலக்கணம் ஒன்றுதான். கணினித் துறை நண்பர்கள் யாராவது பழைய நிரலைக் கட்டிக்கொண்டு மாரடித்த அனுபவம் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.