மருந்தைத் தேர்பவர் யார்?

சொறிக்கல்முனை வயற்புறத்திலே எழுபது வயதை எட்டிய உழவர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். போடியாரின் காணியிலும் தமது சிறு துண்டு நிலத்திலும் ஆயுள் முழுதும் உழைத்தவர். வேறேதோ காரணத்துக்காகக் கல்முனையிலே குருதியைச் சோதித்தபோது, வெண்குழியங்கள் அளவிறந்து பெருகியிருப்பது தெரியவருகிறது. நாட்பட்ட நிணநீர்க்குழியப் புற்றுநோய் என்பது அதன் பெயர். மேலைநாட்டு முதியோரிடம் மிகுதியாகவும் ஆசிய மக்களிடம் அரிதாகவும் காணப்படும் நோய் அது. அரிதான நோய் என்பதனால், அதற்கு ஆளானவரின் துன்பம் குறைந்துவிடாது. இவருக்கு ஏற்ற மருந்து எது? இக்கேள்வியின் பின்னே நீண்டதொரு வரலாறு கிடக்கிறது. அது விஞ்ஞானத்தின் வரலாறு மட்டுமன்று, விலையின் வரலாறுமாகும்.

இந்நோயின் முதல் மருந்துகள் நச்சுவாயுவின் வழித்தோன்றல்கள் என்பது பலரும் அறியாத செய்தி. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்னும் அறிஞர்கள் கடுகுவாயுவின் இனத்தைச் சேர்ந்த பொருளொன்றை நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்தனர். 1943 டிசெம்பரில் இத்தாலியின் பாரித் துறைமுகத்தில் குண்டுவீச்சுக்கு இலக்கான கப்பலிலிருந்து கடுகுவாயு கசிந்தபோது, அதற்கு ஆளானோரின் வெண்குழியங்கள் அருகிப்போனமை கண்டறியப்பட்டது. கொல்லும் பொருளே குணப்படுத்தும் பொருளாக மாற்றப்பட்டது. ஐம்பதுகளில் வந்த குளோரம்பியூசில் என்னும் மாத்திரை அவ்வழியிற் பிறந்ததே. ஆயினும் களையையும் பயிரையும் அது ஒன்றாகவே தாக்கியது.

களையை மாத்திரம் இனங்காணும் வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1952 இல் ஒக்டன் புரூட்டன் என்னும் அமெரிக்க இராணுவ வைத்தியர், அடிக்கடி தொற்றுநோய்க்கு ஆளான எட்டு வயதுச் சிறுவனொருவனின் குருதியிலே நோயெதிர்ப்புப் புரதம் இல்லாதிருப்பதைக் கண்டார். அக்குறைக்குக் காரணமான நொதியத்தை விஞ்ஞானிகள் 1993 இல் கண்டுபிடித்து, அவர் பெயரையே அதற்கு இட்டனர். நோயுற்ற நிணநீர்க்குழியங்கள் உயிர்வாழ்வதற்கு வேண்டிய சைகைகளைக் கடத்துவதும் அதே நொதியம்தான். அதைத் தடுக்கும் இப்ரூட்டினிப் என்னும் மருந்து 2014 இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென அனுமதி பெற்றது. சாக வேண்டிய குழியத்தைச் சாகவிடாது காக்கும் புரதமொன்றை இலக்காகக் கொண்ட வெனட்டோகிளக்ஸ் 2016 இல் வந்தது.

இவற்றுள் எதைத் தேர்வது? முதலில், மருந்தே வேண்டாதிருக்கவும் கூடும். தொல்லை தராத நோயை மருந்தின்றிக் கண்காணித்து வருவதே பலருக்குப் போதும். மருந்து வேண்டுமாயின், 17 ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி இழக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். இழக்கப்பட்டிருப்பின் பழைய மருந்துகள் பெரும்பாலும் பயன் தாரா. இதயத் துடிப்பு ஒழுங்கற்றவருக்கும், குருதி எளிதிற் கசிபவருக்கும் இப்ரூட்டினிப் இடர் தரக்கூடும்; அதே இனத்தில் பின்னர் வந்த மருந்துகள் இதயத்துக்குச் சற்று மென்மையானவை. வெனட்டோகிளக்ஸை வேறொரு மருந்துடன் சேர்த்து, குறித்த காலத்துக்குக் கொடுத்து நிறுத்திவிடலாம். ஆனால் முதல் ஐந்து வாரமும் அளவைப் படிப்படியாக உயர்த்தி, மணிக்கணக்கில் குருதியைச் சோதிக்க வேண்டும். புற்றுக்குழியங்கள் திடீரென்று அழியும்போது சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதே காரணம்.

இங்கேதான் வைத்திய நூல் நிற்க, வாழ்க்கை குறுக்கிடுகிறது. நாள்தோறும் நீண்டகாலம் விழுங்க வேண்டிய மாத்திரைக்குப் பணம் வேண்டும். வாரந்தோறும் சோதிக்க வேண்டிய மருந்துக்கு அருகிலே ஆய்வுகூடம் வேண்டும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. மகரகமைக்குச் செல்வதாயின் மலைநாட்டைக் கடந்து நாட்டின் மறுகரைக்கே போக வேண்டும். கூலியை இழந்து, துணைக்கு மகனையும் அழைத்துக்கொண்டு செல்லும் உழவனுக்கு, மருந்தைத் தேர்வது வைத்தியரா, பஸ் கட்டணமா?

இந்த வினாவை நம் நாட்டிலே முன்னரே எழுப்பியவர் பேராசிரியர் சேனக பிபிலே. இடதுசாரித் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் 1971 இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. வணிகப் பெயரை விடுத்து மருந்தின் உண்மைப் பெயரால் வாங்குவது, இன்றியமையாதவற்றை மொத்தமாகக் கொள்வனவு செய்வது என்பன அவருடைய வழி. ஏறத்தாழ 2,100 ஆக இருந்த இறக்குமதி மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. 1977 இல் அவர் கயானாவில் காலமானார். அதே ஆண்டிலே நாட்டின் பொருளாதாரப் பாதையும் திரும்பியது.

அயலிலே இந்தியாவில் இன்னொரு போராட்டம் நிகழ்ந்தது. வேறொரு வகைக் குருதிப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்து மாதமொன்றுக்கு ஏறக்குறைய 1,20,000 இந்திய ரூபாய்க்கு விற்கப்பட்டபோது, உள்நாட்டுக் கம்பெனிகள் அதே மருந்தைச் சுமார் 8,000 ரூபாய்க்குத் தந்தன. அம்மருந்துக்கு ஏகபோக உரிமை கோரிய நோவார்ட்டிஸின் வழக்கை இந்திய உயர் நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 இல் தள்ளுபடி செய்தது. இப்ரூட்டினிப்பின் காப்புரிமையொன்றையும் இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2020 இல் இரத்துச் செய்தது. மறு ஆண்டிலே உலகச் சுகாதார நிறுவனம் அம்மருந்தை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது.

ஆராய்ச்சிக்குப் பணம் செலவாகிறது என்பர். உண்மையே. ஆனால் அந்தச் சிறுவனின் குருதியிலே குறையைக் கண்டவர் அரச வைத்தியசாலையில் ஊழியம் புரிந்தவர். நொதியத்தை இனங்காண உழைத்தவர் பல நாட்டு ஆய்வாளர். பலருடைய உழைப்பில் விளைந்த நெல்லை ஒருவரே களஞ்சியத்திற் பூட்டிவைப்பது நியாயமாகுமா?

2022 இன் நெருக்கடியிலே சாதாரண மருந்துக்கும் நம் வைத்தியசாலைகள் தவித்தமையை நாம் கண்டோம். பட்டியலில் மருந்தின் பெயர் இருப்பது வேறு, நோயாளியின் கையில் மாத்திரை இருப்பது வேறு. அதனைக் கொண்டுவந்து சேர்ப்பது விஞ்ஞானத்தின் வேலையன்று. மக்கள் கேட்டுப் பெறும் கொள்கையின் வேலை. சொறிக்கல்முனை உழவனின் மருந்தை அவனுடைய நோயின் இயல்பும் அவனுடைய உடல்நிலையும் தீர்மானிக்கட்டும். அவனுடைய சட்டைப்பை தீர்மானிக்கக் கூடாது. பிபிலே தொடக்கிவைத்த பணியின் எச்சம் இதுவே.