காங்க்ரா பள்ளத்தாக்கும் நம்ம வீட்டு உப்பும்

உப்புப் பாக்கெட்டில் "அயோடின் கலந்தது"னு போட்டிருக்கும். அது அங்கே வந்த வரலாற்றைச் சுருக்கமா பார்ப்போம்.

1/
முன்கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி ஹார்மோன் சுரக்க அயோடின் தேவை. கிடைக்காவிட்டால் சுரப்பி வீங்கும். அதுதான் கழுத்துக் கழலை.

2/
கழலை கண்ணுக்குத் தெரியும். தெரியாத பாதிப்புதான் பெரிசு. கர்ப்பிணிக்கு அயோடின் ரொம்பக் குறைந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். காது கேளாமை, பேச்சு வராமை வரை போகலாம். பிறந்த பிறகு அதை முழுசா சரிசெய்ய முடியாது.

3/
இமயமலை அடிவாரத்தில் இது தலைமுறை தலைமுறையாக இருந்தது. மழையும் பனியாறுகளும் மண்ணில் இருந்த அயோடினை அரித்துக்கொண்டு போய்விட்டன. மண்ணிலேயே இல்லைன்னா தானியத்தில் எப்படி வரும்?

4/
1956. இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள காங்க்ரா பள்ளத்தாக்கு. டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் அந்தப் பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு. இன்னொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு. மூன்றாவதுக்குச் சாதா உப்பு.

5/
ஏன் உப்பு? ஏழை, பணக்காரர் எல்லாரும் தினமும் சாப்பிடுவது அதுதான். அளவும் பெரிசா மாறாது. மாத்திரையை மறப்போம், உப்பை மறப்போமா?

6/
சில ஆண்டுகளில் அயோடின் உப்பு போன இரண்டு பகுதிகளிலும் பள்ளிப் பிள்ளைகளிடம் கழலை நன்றாகவே குறைந்தது. சாதா உப்புப் பகுதியில் மாற்றமே இல்லை. பிறகு அங்கேயும் அயோடின் உப்பு கொடுத்தார்கள், அங்கேயும் குறைந்தது.

7/
1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. ஈரத்திலும் வெயிலிலும் அயோடைடை விட அயோடேட் தாக்குப்பிடிக்கும். அதனால் இன்று நம்ம உப்பில் கலப்பது அயோடேட்.

8/
இப்போ நம்ம ஊருக்கு வருவோம். தூத்துக்குடியில் உப்பு விளையுது. ஆனா 2018-19 தேசிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பு பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் தமிழ்நாடுதான் கடைசி. சுமார் 62%.

9/
"கடல் உப்பில் இயற்கையாவே அயோடின் இருக்கே டாக்டர்?"னு கேட்பீங்க. கடல்நீரை உப்பாக்கும்போது அதில் மிஞ்சுவது மிகச் சொற்பம். தேவைக்குப் பத்தாது. இந்துப்பும் அப்படித்தான்.

10/
பிபி இருக்கிறவங்க உப்பைக் குறைங்க. ஆனா சாப்பிடுற கொஞ்சமும் அயோடின் உப்பா இருக்கட்டும். கல் உப்புதான் வேணும்னா, அயோடின் கலந்த கல் உப்பானு பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்க. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் கவனிங்க.