குயிசனேர் கோல்கள்

குயிசனேர் கோல்கள், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் கணக்கைக் கையால் செய்து பழகுவதற்கான வண்ணக் கட்டைகள். பெல்ஜியத்தின் துயின் என்ற ஊரில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் குயிசனேர் (1891–1975) உருவாக்கியவை. இவை பற்றிய அவருடைய பிரெஞ்சு நூல் 1952-இல் வெளிவந்தது. மறு ஆண்டு துயினுக்கு வந்து இவற்றைக் கண்ட காலெப் கட்டெக்னோ என்ற கணிதக் கல்வியாளர் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றார்; பின்னாளில் மொழி கற்பிக்கவும் இதே கோல்களை எடுத்துக்கொண்டார்.

கோல்களின் முனை 1 செ.மீ. சதுரம், நீளம் 1 முதல் 10 செ.மீ. வரை. வரிசைப்படி வெள்ளை, சிவப்பு, இளம்பச்சை, ஊதா, மஞ்சள், கரும்பச்சை, கருப்பு, பழுப்பு, நீலம், ஆரஞ்சு. மேலே எண்ணோ கோடோ கிடையாது. மாண்டிசோரி அம்மையாரின் எண் கோல்களில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வருவதால் பிள்ளை கட்டம் கட்டமாக எண்ணிவிடலாம். இங்கே எண்ண ஒன்றுமில்லை; பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் பிள்ளைகள் படிக்கட்டு, வீடு என்று இஷ்டத்துக்குக் கட்டி விளையாடுவார்கள். அதை வீண் பொழுது என்று ஆசிரியர் அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது. அடுத்தது ரயில் விளையாட்டு: ஒரு கோலின் நீளத்துக்குச் சரியாக மற்றக் கோல்களை முனையோடு முனை சேர்த்து அடுக்குவது. அந்தக் கோலையும் ஒரு ரயிலாகக் கொண்டால், வரிசை மாறுவதையும் கணக்கில் சேர்த்து இளம்பச்சைக்கு 4, ஊதாவுக்கு 8, மஞ்சளுக்கு 16 ரயில்கள். இரட்டிப்பாகிக்கொண்டே போவதைப் பிள்ளைகள் தாமாகவே பிடித்துவிடுவார்கள். ஒரே நிறப் பெட்டிகளால் கோக்கச் சொன்னால் கரும்பச்சைக்குச் சிவப்பு மூன்றோ இளம்பச்சை இரண்டோ போதும். கருப்புக்கு ஏழு வெள்ளைதான் கதி. பகா எண்ணின் இலக்கணம் வருவதற்கு முன்பே பிள்ளை அதனுடன் மல்லுக்கட்டியாயிற்று.

பின்னத்தில்தான் கோல்களின் முழு அருமை. ஆரஞ்சை 1 என்று கொண்டால் மஞ்சள் அரை, வெள்ளை பத்தில் ஒன்று. சிவப்பை 1 என்று கொண்டால் அதே மஞ்சள் இரண்டரை. "மஞ்சள் என்றால் ஐந்து" என்று மனப்பாடம் செய்யவைத்த வகுப்பில் இந்த ஆட்டம் நடக்காது. கோல்களை வாங்கி வைத்தும் பலன் குறைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டுக்கோடு போட்ட பிளாஸ்டிக் கோல்களும் விற்கின்றன. அவற்றில் பிள்ளை மறுபடி எண்ணத் தொடங்கிவிடும். கோல்கள் வாங்க முடியாவிட்டால், வண்ணத் தாளில் அளந்து வெட்டிய பட்டைகள் ரயிலுக்கும் பின்னத்துக்கும் போதுமானவை, காற்றடித்தால் பறக்கும் என்பதைத் தவிர.