வேட்டைத் துப்பாக்கியும் பெயரறியாத் தச்சனும்

ஜோகூர் வரலாற்றில் வேட்டைக்குத் தனி இடம் உண்டு. 1895 முதல் 1959 வரை 64 ஆண்டுகள் அரசுக்கட்டிலில் வீற்றிருந்த சுல்தான் இப்ராகிம் புலி வேட்டையில் பெருவிருப்புடையவர். அவருடைய தந்தையார் அபூ பக்கார் 1866-இல் ஜோகூர் பாருவில் எழுப்பிய பெரிய அரண்மனை பின்னர் அரச அருங்காட்சியகமாயிற்று. வேட்டையில் வீழ்ந்த விலங்குகளின் உடற்சின்னங்களும் அவ்வரண்மனைச் செல்வங்களுள் அடங்கும். புலியை வீழ்த்தியவர் யார் என்பதை வரலாறு குறித்து வைத்துள்ளது. அவர் தோளில் தாங்கிய துப்பாக்கியின் மரக்கட்டையைச் செதுக்கியவர் யார் என்பதை எவரும் குறித்து வைக்கவில்லை.

துப்பாக்கி என்னும் சொல்லே கடல் கடந்தும் மலை கடந்தும் வந்தது. துருக்கி மொழியில் பிறந்து வடநாட்டு வழக்கின் வழியே தமிழில் குடியேறிய சொல் அது. மலாய்க்காரர் வழங்கும் ‘செனாப்பாங்’ டச்சு மொழியிலிருந்து வந்தது. அதற்கும் முன்னர் திரியில் நெருப்பேற்றிச் சுடும் துப்பாக்கியை அவர்கள் ‘இஸ்திங்கார்’ என்றனர். இது போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. நீண்ட இரும்புக் குழலும் குறுகிய மரக்கட்டையும் உடைய அதனைத் தோளில் ஊன்றாமல் கன்னத்தோடு அணைத்துச் சுட்டனர். இலங்கையில் கண்டி நாட்டுக் கம்மியர் செய்த துப்பாக்கியின் அடிக்கட்டையோ இரண்டாகப் பிளந்து சுருண்டு நிற்கும். இரும்புக் குழல் எந்நாட்டிலும் ஏறத்தாழ ஒரே வடிவினது. மரக்கட்டையிலேதான் அந்தந்த நாட்டுக் கைவண்ணம் புலப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவின் ஆட்சியாளரும் தோட்டத் துரைமாரும் இங்கிலாந்தில் செய்த துப்பாக்கிகளை வரவழைத்தனர். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637-இலேயே அரச பட்டயம் பெற்ற பழமையுடையது. பர்மிங்காம் நகரில் குழல்களின் வலிமையைச் சோதிக்கும் நிலையம் 1813-இல் ஏற்பட்டது. இந்நகரங்களின் பட்டறைகளில் ஒரு துப்பாக்கியை ஒருவரே செய்து முடிப்பதில்லை. குழல் கடைபவர் ஒருவர். விசைப்பொறி அமைப்பவர் வேறொருவர். கட்டை செதுக்குபவர், சித்திரம் பொறிப்பவர், மெருகிடுபவர் எனத் தொழில் பிரிந்திருந்தது. ஒவ்வொரு தொழிலுக்கும் இளமையிலேயே பட்டறையில் சேர்ந்து பல்லாண்டு பயின்றாக வேண்டும். முடிவில் குழலின்மேல் பொறிக்கப்படுவதோ நிறுவனத்தின் பெயர் ஒன்றே.

கட்டைக்கு உகந்ததாகத் தெரிந்தெடுக்கப்பட்டது அக்ரோட்டு மரம். பிரான்சு, துருக்கி, காக்கசஸ் மலைநாடு ஆகிய இடங்களிலிருந்து அது வந்தது. வலிமைக்கேற்ற எடை, வெடியின் உதைப்பில் எளிதிற் பிளவாத தன்மை, நன்கு உலர்ந்தபின் வளைந்து கொடாத உறுதி, உளிக்கு இணங்கும் மென்மை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தது அம்மரம். அறுத்த பலகைகளை உடனே பயன்படுத்துவதில்லை. ஆண்டுக்கணக்கில் உலர வைப்பர். பின்னர் மரத்தின் நார் ஓடும் வழியைப் பார்ப்பர். கைபிடிக்கும் கழுத்துப் பகுதியில் நார் நேராக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் உதைப்பில் முறிந்துவிடும். அலையலையான வரிகளும் கருமைக் கோடுகளும் தோளிற் பதியும் அகன்ற பகுதியில் விழுமாறு கட்டையை வகுப்பர். வலிமை வேண்டும் இடத்தில் வலிமையும், அழகு தங்கும் இடத்தில் அழகும் அமைய ஒரே பலகையில் இடம் காண்பதே முதல் திறமை.

இரண்டாவது திறமை இரும்பையும் மரத்தையும் இணைப்பது. இரும்பு உறுப்பின்மேல் விளக்குப் புகைக்கரியைப் பூசி, குடைந்த மரத்தில் மெல்ல அழுத்தி எடுப்பர். மரத்தில் எங்கே கரி ஒட்டுகிறதோ அங்கே மரம் சற்று மிகுந்திருக்கிறது என்பது பொருள். அந்த இடத்தை மட்டும் உளியால் மென்மையாகச் சீவி, மீண்டும் கரி பூசி மீண்டும் அழுத்துவர். எங்கும் சீராகக் கரி படியும்வரை இவ்வேலை தொடரும். இது வெறும் அழகுக்காகச் செய்வதன்று. இடைவெளி இருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு சிறிது பின்னோக்கி இடித்து, நாளடைவில் கட்டையைப் பிளந்துவிடும்.

மூன்றாவது, வாங்குவோர் உடலுக்கேற்ப அமைப்பது. கை நீளம், கழுத்து உயரம், தோள் அகலம் ஆகியவற்றை அளந்து, அதற்கேற்பக் கட்டையின் நீளத்தையும் சரிவையும் ஒருபக்கச் சாய்வையும் முடிவு செய்தனர். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பது போன்றதே இது. துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்திய நொடியில் கண் தானாகவே குறியோடு நேர்ப்பட வேண்டும். புதரிலிருந்து பாயும் புலிக்கு முன்னே திருத்திப் பிடிக்க நேரம் ஏது?

இவ்வளவும் குளிர்நாட்டில் செய்து முடித்த பொருள், ஜோகூர் போன்ற ஈரமும் வெப்பமும் மிகுந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தது. ஈரத்தில் மரம் ஊதும். ஊதினால் குழலை நெருக்கிக் குறியைப் பிறழச் செய்யும். இதனைத் தடுக்கவே ஆளிவிதை எண்ணெயைச் சிறிது சிறிதாக உள்ளங்கையால் தேய்த்து ஊறவைத்தனர். செந்நிறத்துக்காக அவ்வெண்ணெயில் ஒருவகை வேரைச் சேர்ப்பதும் உண்டு. வியர்த்த கை வழுக்காதிருக்கக் கழுத்துப் பகுதியில் சிறு சிறு சாய்சதுரங்களாகக் கோடு கீறினர். பார்ப்பவர் அதனை அணிகலம் என்பர். பிடிப்பவருக்கு அது பாதுகாப்பு.

இத்தொழிலின் பெருமைக்கும் மறதிக்கும் ஒருங்கே சான்றாக நிற்பது ஜிம் கார்பெட்டின் துப்பாக்கி. 1907-இல் சம்பாவத் பகுதியில் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றமைக்காக ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஹியூவெட் அவருக்குப் பரிசளித்தது அது. லண்டன் ரிக்பி நிறுவனம் செய்தது. 1955-இல் கார்பெட் மறைந்தபின் அவருடைய நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்திடம் இருந்து, பின்னாளில் ரிக்பி நிறுவனத்துக்கே திரும்பிற்று. அதன் மரக்கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் கொடுத்தவர் பெயர் உண்டு. பெற்றவர் பெயர் உண்டு. ஊரும் ஆண்டும் உண்டு. அத்தகட்டைத் தாங்கி நிற்கும் கட்டையைச் செதுக்கியவர் பெயர் மட்டும் அதில் இல்லை. கோயில் தேரின் மரச்சிற்பத்தில் தன் பெயரைப் பொறிக்காது சென்ற தமிழ்நாட்டுத் தச்சனுக்கும் அவனுக்கும் இவ்வகையில் வேற்றுமை இல்லை.

சுல்தான் இப்ராகிம் லண்டனில் காலமான 1959-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் நைலான் கட்டையுள்ள துப்பாக்கி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1964-இல் வின்செஸ்டர் நிறுவனம் தன் புகழ்பெற்ற 70-ஆம் மாதிரித் துப்பாக்கியில் கையால் கோடு கீறுவதைக் கைவிட்டு, அச்சால் அழுத்திப் பதிக்கும் முறைக்கு மாறியது. விலையும் நேரமும் குறைந்தன. ஆயினும் வாங்குவோர் வேறுபாட்டை உணர்ந்தனர். 1964-க்கு முற்பட்டவற்றை இன்றும் தேடிப் பெறுகின்றனர். செயற்கைக் கட்டை ஈரத்தில் ஊதாது என்பது உண்மையே. ஆனால் ஒரு மனிதன் மரத்தின் போக்கறிந்து அதற்கு இணங்கிச் செய்த முடிவுகள் அதில் இல்லை.

இத்துப்பாக்கிகளைப் போற்றுவது வேட்டையைப் போற்றுவதாகாதா என்னும் வினா எழுவது இயல்பு. தீபகற்ப மலேசியாவில் 1976 முதல் புலி முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. காட்டில் எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என 2022-இல் அறிவிக்கப்பட்டது. காடழிப்பும் கண்ணிவைப்பும் இதற்குப் பெருங்காரணங்கள் எனினும், அரசரும் துரைமாரும் பொழுதுபோக்காகச் சுட்டதும் அக்கணக்கில் சேரும். அதனை மறைத்துத் துப்பாக்கியின் அழகை மட்டும் பேசுவது அறமாகாது. அதுபோலவே, சுட்டவன் செயலுக்காகச் செதுக்கியவன் உழைப்பை ஒதுக்குவதும் முறையன்று. விசையை இழுத்தவன் வேறு; உளியைப் பிடித்தவன் வேறு. முன்னவனுக்குப் புகழும் தகடும் கிடைத்தன. பின்னவனுக்குக் கிடைத்தது கூலி மட்டுமே.

ஜோகூரில் மரத்தொழில் மறைந்துவிடவில்லை. பால் வற்றிய ரப்பர் மரங்கள் மூவாரின் பட்டறைகளில் நாற்காலியும் மேசையுமாக உருப்பெற்று வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு மரம் பால் தருவது மட்டுமே தெரியும். அதன் நார் எப்படி ஓடுகிறது, எங்கே தாங்கும், எங்கே முறியும் என்பது தெரியாது. அருங்காட்சியகத்துக்கு அவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர் பதனிட்ட புலியைக் காட்டியபின், துப்பாக்கியின் கழுத்தையும் சுட்டிக்காட்டலாம். நார் நேராக ஓடும் அந்த நான்கு விரற்கடை இடத்தில்தான் பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் அறிவு குடிகொண்டிருக்கிறது.